நிலநடுக்க எச்சரிக்கையும் அரசுக் கருவூலமும்

நிலநடுக்க முன்னெச்சரிக்கை என்பது நாளை நடுக்கம் வரும் என்று இன்றே சொல்வதல்ல. அப்படிச் சொல்லும் வழி எதுவும் இதுவரை கைகூடவில்லை. பூமிக்கடியில் பாறை உடைந்து நடுக்கம் தொடங்கிவிட்ட பிறகு, அதன் வலிய அலைகள் ஓர் ஊரை வந்தடைவதற்குள் அந்த ஊருக்குத் தகவல் சேர்ப்பதுதான் முன்னெச்சரிக்கை. பாறை உடையும்போது முதலில் பாய்ந்து வருவது பி அலை. வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும் இந்த அலையால் சேதம் குறைவு. அதன் பின்னால் வினாடிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் அளவில் எஸ் அலை வருகிறது. கட்டடங்களைப் பக்கவாட்டில் ஆட்டிச் சாய்ப்பது பெரும்பாலும் இதுவும் இதைத் தொடரும் மேற்பரப்பு அலைகளும்தான். வானொலி அலையோ வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். முந்தி வரும் அலையை ஒரு கருவி பிடித்து, கணினி நடுக்கத்தின் இடத்தையும் அளவையும் கணித்து, செய்தியை அனுப்பிவிட்டால், பிந்தி வரும் அலையைத் தகவல் முந்திக்கொள்ளும். கிடைக்கும் அவகாசம் சில வினாடிகள். தொலைவில் இருக்கும் நகரங்களுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்.

அந்தச் சில வினாடிகளில் ஓடும் ரயிலுக்குத் தானாகப் பிரேக் விழும். மின்தூக்கி அடுத்த தளத்தில் நின்று கதவைத் திறக்கும். எரிவாயுக் குழாயின் அடைப்பான் மூடிக்கொள்ளும். அறுவை மருத்துவர் கத்தியை எடுத்துவிடலாம், வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம்.

இந்த அவகாசம் எவ்வளவு என்பதை இயற்கை பாதி தீர்மானிக்கிறது. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது அரசின் பட்ஜெட். இதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். 10 கிலோமீட்டர் ஆழத்தில் நடுக்கம் தோன்றுகிறது, மையத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மூன்று நான்கு கருவிகள் இருக்கின்றன என்று கொள்வோம். பி அலை அவற்றைத் தொட்டு, கணினி கணக்கிட்டு, செய்தி வெளியேற 6 வினாடி ஆகலாம். அதற்குள் எஸ் அலை 21 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆக, மையத்தைச் சுற்றி 18 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்காது. அதற்கு வெளியே கிடைக்கும். அதே நிலப்பரப்பில் கருவிகள் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்தால் செய்தி வெளியேறவே 13 வினாடி ஆகும். எச்சரிக்கை எட்டாத வட்டத்தின் ஆரம் 45 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். பரப்பளவில் இது ஆறு மடங்கு. நிலையங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நிதிநிலை அறிக்கை ஒவ்வொன்றும் இந்த வட்டத்தைப் பெரிதாக்குகிறது.

ஒரு நிலையம் என்பது பார்வைக்கு எளிய பொருள். தரையில் தோண்டிய குழி அல்லது சிறு கான்கிரீட் அறை, பாறையோடு இறுகப் பதித்த ஓர் உணரி, பக்கத்தில் ஒரு கம்பம், அதில் சூரியத் தகடு, பெட்டிக்குள் மின்கலம், செய்தியை அனுப்பும் ஆன்டெனா. இதை வாங்கி நிறுவுவது ஒருமுறைச் செலவு. மின்கலம் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். தகட்டில் தூசி படியும், பனி மூடும். எலி கம்பியைக் கடிக்கும், இடி தாக்கும், செல்பேசி நிறுவனம் பழைய அலைவரிசையை மூடிவிடும். மலை உச்சியில் இருக்கும் நிலையத்துக்கு ஒரு தொழில்நுட்பர் ஜீப்பிலோ நடந்தோ போய்த்தான் பழுது பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரும் நடுக்கத்தின் அந்தப் பத்து வினாடிக்காக, இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் கருவி விழித்திருக்க வேண்டும். அரசின் நிதி ஒதுக்கும் பழக்கமோ இதற்கு நேர்மாறானது. அழிவு நடந்த ஆண்டில் பெருந்தொகை வரும், கருவிகள் வாங்கப்படும், நாடா வெட்டித் திறப்பு விழா நடக்கும். அமைதியான ஆண்டுகளில் முதலில் வெட்டுப்படுவது பராமரிப்புச் செலவுதான். நிலநடுக்க ஆய்வின் நிதி வரலாறு பெரும்பாலும் இந்த முரண்பாட்டின் வரலாறு.

எண்ணம் மட்டும் பழையது. 1868 அக்டோபர் 21 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஹேவர்டு பிளவு அசைந்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள், ஜே. டி. கூப்பர் என்ற மருத்துவர் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் ஒரு யோசனையை வெளியிட்டார். நகரிலிருந்து பல மைல் தள்ளி அதிர்வை உணரும் எளிய பொறிகளை வைத்து, தந்திக் கம்பி வழியாக நகர மண்டபத்தின் மணியை அடிக்கச் செய்யலாம் என்றார் அவர். தந்தியின் வேகம் நடுக்கத்தின் வேகத்தைவிட அதிகம் என்ற அடிப்படை சரியானதே. அந்த மணியை யாரும் கட்டவில்லை. கலிபோர்னியா மாநிலம் முழுவதும் பொதுமக்களின் செல்பேசிக்கு எச்சரிக்கை போகத் தொடங்கியது 2019 அக்டோபர் 17 அன்று. இடையில் 151 ஆண்டுகள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசுகள் பணம் கொடுத்தது எச்சரிக்கைக்காக அல்ல, முன்கணிப்புக்காக. எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய நடுக்கம் என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. ஜப்பான் 1965இல் தேசிய அளவில் முன்கணிப்பு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 1975 பிப்ரவரி 4 அன்று சீனாவின் ஹைச்செங் நகரில் நடுக்கம் வருமுன் மக்கள் வெளியேற்றப்பட்டதாக வந்த செய்தி உலகம் முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டே டாங்ஷான் நகரம் எந்த முன்னறிவிப்புமின்றி அழிந்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படி இறந்தோர் 2,42,000 பேர். ஆனாலும் நம்பிக்கை குன்றவில்லை. 1977 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் நிலநடுக்க அபாயக் குறைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதிலிருந்து பிறந்த தேசியத் திட்டத்தை இன்று நான்கு நிறுவனங்கள் பகிர்ந்து நடத்துகின்றன. அலைகளைக் கண்காணிப்பது புவியியல் ஆய்வுத்துறை, அடிப்படை ஆய்வுக்கு நிதி தருவது தேசிய அறிவியல் அறக்கட்டளை, கட்டட விதிகளுக்கான ஆய்வு தேசியத் தரநிர்ணய நிறுவனத்தின் பொறுப்பு, மக்களிடமும் மாநிலங்களிடமும் கொண்டுசேர்ப்பது பேரிடர் மேலாண்மை முகமை.

முன்கணிப்பு நம்பிக்கைக்கு நடந்த நேர்மையான சோதனை பார்க்ஃபீல்டு. கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் உள்ள இந்தச் சிற்றூரில் 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை 6 அளவிலான நடுக்கம் வந்திருந்தது. எனவே அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று 1985இல் புவியியல் ஆய்வுத்துறை அதிகாரபூர்வமாக அறிவித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளைக் குவித்தது. 1993 வந்து போயிற்று, நடுக்கம் வரவில்லை. 2004 செப்டம்பர் 28 அன்று வந்தது, அதுவும் முன்னறிகுறி எதையும் காட்டாமல். காலக்கணிப்பு பொய்த்தாலும் பணம் வீண்போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நடுக்கம் தோன்றும் இடத்திலேயே அத்தனை கருவிகள் காத்திருந்தது அரிது. அந்தப் பதிவுகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. முன்னறிகுறி கண்ணில் படவில்லை என்பதே அங்கே கிடைத்த பெரிய பாடம்.

முன்னெச்சரிக்கையின் பயனை முதன்முதலில் அமெரிக்காவில் கண்ணால் காட்டியது ஒரு இடிபாட்டுக் குவியல். 1989 அக்டோபர் 17 மாலை லோமா பிரீட்டா நடுக்கத்தில் ஓக்லந்து நகரின் சைப்ரஸ் இரட்டை அடுக்கு மேம்பாலம் இடிந்து, மேல்தளம் கீழ்த்தளத்தின் மேல் விழுந்தது. மொத்தம் இறந்த 63 பேரில் 42 பேர் அங்கேதான் இறந்தார்கள். நசுங்கிய தளங்களுக்கு நடுவே மீட்புப் பணியாளர்கள் ஊர்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பின்னதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. நடுக்க மையம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கே, சான்டா குரூஸ் மலைகளில். புவியியல் ஆய்வுத்துறையினர் மையத்துக்கு அருகே உணரிகளை வைத்து, வானொலி வழியாக மேம்பாலத்தில் இருந்தவர்களின் கருவிக்கு ஒலி போய்ச்சேர வழிசெய்தார்கள். மையத்தில் பின்னதிர்வு தோன்றினால், அது பாலத்தை வந்து ஆட்டுவதற்கு ஏறத்தாழ 20 வினாடி முன்பே ஒலி கேட்டுவிடும். குவியலை விட்டு வெளியே வர அது போதும்.

இதே 1989இல் கலிபோர்னியா அரசின் நிலவியல் பிரிவு, முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்றை நிறுவ முடியுமா என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. தொழில்நுட்பம் கூடும், செலவுக்கு ஈடான பயன் இல்லை என்பது அதன் முடிவு. உயிரை மீட்க ஊர்ந்து செல்பவருக்கு 20 வினாடியின் பயன் என்ன என்பதை எந்த வரவு-செலவுப் பட்டியலிலும் எழுத முடியாது. பட்டியலில் எழுத முடிந்ததே கணக்கில் வந்தது. அதனால்தான் சைப்ரஸ் பாலத்தின் பாடத்துக்குப் பிறகும் மத்திய அரசு இத்துறைக்கு முறையான ஆய்வு நிதி தரத் தொடங்க 2006 வரை ஆயிற்று.

அமெரிக்க நிதிமுறையின் ஓர் இயல்பை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு திட்டத்துக்கு இவ்வளவு தொகை வரை செலவிடலாம் என்று அனுமதிக்கும் சட்டம் வேறு. அந்தத் தொகையை ஆண்டுதோறும் உண்மையில் எடுத்துக் கொடுக்கும் ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு. முதலாவதில் தாராளமும் இரண்டாவதில் கைச்சிக்கனமும் காட்டுவது வழக்கம். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸின் நார்த்ரிட்ஜ் பகுதி நடுங்கி, சேதம் 2,000 கோடி டாலரைத் தொட்டது. அதன் பின் நாடு முழுவதும் 7,000 கருவிகள் கொண்ட நவீன வலையமைப்பு வேண்டும் என்று 1999இல் புவியியல் ஆய்வுத்துறை திட்டம் தந்தது. 2000இல் காங்கிரஸ் அதற்கு அனுமதியும் அளித்தது. ஆண்டுதோறும் வந்து சேர்ந்ததோ அனுமதித்த தொகையில் ஒரு சிறு பங்குதான். பழைய கருவிகளைப் பெருமளவில் மாற்றுவதற்கான பணம் கடைசியில் வந்தது 2009இல், அதுவும் நிலநடுக்கத்தை முன்னிட்டு அல்ல. பொருளாதாரச் சரிவிலிருந்து மீள அரசு அள்ளிக் கொட்டிய ஊக்க நிதியின் ஒரு துளி அது.

முன்னெச்சரிக்கைக்கு முதல் பெரிய உந்துதலும் அரசிடமிருந்து வரவில்லை. 2011இல் மூர் அறக்கட்டளை, கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனம், பெர்க்லி, வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 60 லட்சம் டாலர் கொடுத்தது. 2013இல் கலிபோர்னியாச் சட்டமன்றம் மாநிலம் தழுவிய எச்சரிக்கை அமைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. ஆனால் மாநிலத்தின் பொது நிதியிலிருந்து அதற்குப் பணம் எடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. மேற்குக் கரை முழுவதற்கும் அமைப்பை எழுப்ப 3.83 கோடி டாலரும், அதன் பின் நடத்த ஆண்டுக்கு 1.61 கோடி டாலரும் தேவை என்று 2014இல் புவியியல் ஆய்வுத்துறை கணக்கிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாப்பா பள்ளத்தாக்கு நடுங்கியபோது, சோதனை நிலையில் இருந்த அமைப்பு பெர்க்லிக்குச் சில வினாடி முன்பே செய்தி அனுப்பிவிட்டது. டிசம்பரில் காங்கிரஸ் முதன்முறையாக 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. தேவைப்பட்ட ஆண்டுச் செலவில் இது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

அடுத்த சில ஆண்டுகள் ஏற்ற இறக்கமாகக் கழிந்தன. 2017 மே மாதம் டொனால்டு டிரம்ப் அரசு அனுப்பிய பட்ஜெட் முன்மொழிவில் முன்னெச்சரிக்கைக்கு ஒரு டாலர் கூட இல்லை. மேற்குக் கரை உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தார்கள். 2018 மார்ச்சில் காங்கிரஸ் 2.29 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 1 கோடி, நிலையங்கள் கட்ட ஒருமுறை மட்டும் தரும் தொகை. அதே ஆண்டு திருத்திய திட்டம் 1,675 நிலையங்களை இலக்காக வைத்தது. ஆண்டு நடத்துச் செலவு 2.86 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. 2021 மார்ச் 11 அன்று ஓரிகன் மாநிலமும், மே 4 அன்று வாஷிங்டன் மாநிலமும் சேர்ந்துகொண்டன. ஷேக்அலர்ட் என்ற அந்த அமைப்பின் கீழ் இன்று 5 கோடி மக்கள் இருக்கிறார்கள். 2022 டிசம்பர் 20 அதிகாலையில் வட கலிபோர்னியாவின் ஃபெர்ன்டேல் அருகே 6.4 அளவில் நடுக்கம் வந்தபோது சுமார் 30 லட்சம் செல்பேசிகளுக்கு எச்சரிக்கை போனது; சிலருக்குப் பத்து வினாடி கிடைத்தது. அமெரிக்காவில் நிலநடுக்கத்தால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏற்படக்கூடிய கட்டடம் சார்ந்த இழப்பு 1,470 கோடி டாலர் என்று 2023இல் அரசே கணக்கிட்டுள்ளது. அந்த இழப்போடு ஒப்பிட்டால் 2.86 கோடி என்பது ஆயிரத்தில் இரண்டு பங்கு.

ஜப்பானின் பாதை வேறு. புல்லட் ரயில் ஓடத் தொடங்கிய 1964ஐ ஒட்டியே தடங்களின் ஓரம் அதிர்வுமானிகள் வந்துவிட்டன. பொறியாளர் யுடாகா நாகமுரா உருவாக்கிய, பி அலையைக் கண்டு ரயிலை நிறுத்தும் முறை 1992இல் டோக்கியோ-ஒசாகா தடத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்வளவு இருந்தும், 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் 6,434 பேர் இறந்தார்கள். முப்பது ஆண்டு முன்கணிப்பு ஆய்வின் கண்ணும் கருவியும் டோக்காய் பகுதியின் மேலேயே குவிந்திருந்தன. நடுங்கியது வேறொரு பகுதி. கருவிகள் வைத்திருந்த நிறுவனங்களும் பதிவுகளைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தன. ஜப்பான் அரசு இந்தத் தோல்வியை மறைக்கவில்லை. அந்த ஆண்டே சிறப்புச் சட்டம் இயற்றி, ஆய்வை ஒருங்கிணைக்கும் தலைமையகம் ஒன்றைப் பிரதமரின் கீழ் அமைத்தது. 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறத்தாழ 1,000 வலிய அதிர்வு நிலையங்கள் ஓராண்டு சொச்சத்தில் எழுந்தன. நகர இரைச்சல் எட்டாதபடி நூறு மீட்டருக்கும் ஆழமான துளைகளுக்குள் உணரிகளை இறக்கிய நிலையங்கள் ஏறத்தாழ 800. பதிவுகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. பொதுமக்களுக்கான எச்சரிக்கை 2007 அக்டோபர் 1 அன்று தொடங்கியது.

2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நடுக்கத்தின் முதல் அலை பிடிபட்டு 8.6 வினாடியில் எச்சரிக்கை வெளியானது. செண்டாய் நகரத்துக்குப் பதினைந்து வினாடி அளவில் அவகாசம் கிடைத்தது. வடகிழக்கில் பயணிகளோடு ஓடிய எந்தப் புல்லட் ரயிலும் தடம் புரளவில்லை. ஆனால் நடுக்கத்தின் பேரளவைத் தொடக்கத்தில் கணினி குறைத்தே கணித்தது. டோக்கியோவுக்குப் பொது எச்சரிக்கை போகவில்லை. முதலில் அறிவித்த ஆழிப்பேரலை உயரமும் உண்மையைவிட மிகக் குறைவு. ஜப்பான் அரசு கடலுக்கடியில் பணத்தை இறக்கியது. பசிபிக் தரையில் 5,000 கிலோமீட்டருக்கும் நீளமான கம்பிவடத்தில் 150 நிலையங்களைக் கோத்து வைத்தது. 2017இல் டோக்காய் முன்கணிப்பு ஏற்பாட்டையும் கைவிட்டது. நாள் குறித்துச் சொல்லும் அறிவியல் இன்னும் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. நாற்பது ஆண்டுகளாக அந்த ஏற்பாட்டுக்கு நிதி தந்த அரசு இப்படிச் சொன்னது பெரிய நேர்மை.

மெக்சிகோ குறைந்த செலவில் நிறைந்த பயன் பெற்றது. அதற்கு அதன் நிலவியல் அமைப்பும் துணை. பெரும் நடுக்கங்கள் பசிபிக் கடற்கரையில் தோன்றுகின்றன, தலைநகரம் முந்நூறு கிலோமீட்டர் உள்ளே. 1985 செப்டம்பர் 19 அன்று கடற்கரையில் தோன்றிய நடுக்கம், பழைய ஏரிப் படுகையின் சேற்று மண்ணில் எழுந்த மெக்சிகோ நகரை நொறுக்கியது. அதன் பின் நகர அரசின் நிதியில், குரேரோ கடற்கரையில் 12 நிலையங்களோடு 1991இல் எச்சரிக்கை அமைப்பு இயங்கத் தொடங்கியது. 1995 செப்டம்பர் 14 அன்று 7.3 அளவில் வந்த நடுக்கத்துக்கு 72 வினாடி முன்பே நகரம் செய்தி பெற்றது. ஆனால் பணம் ஒரு கடற்கரைக்கே போயிருந்ததால் காவலும் ஒரு திசைக்கே இருந்தது. மற்ற மாநிலங்களுக்கு விரிய ஆண்டுகள் பல ஆயின. 2017 செப்டம்பர் 19, அந்தப் பேரழிவின் 32ஆம் ஆண்டு நினைவு நாள். காலை 11 மணிக்கு ஊர் முழுவதும் ஒத்திகை நடந்தது. பிற்பகல் 1:14க்கு, நகரிலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவில் நிலத்துக்கடியில் 7.1 அளவில் நடுக்கம் தோன்றியது. பலருக்கு சைரன் கேட்டபோதே தரை ஆடத் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒத்திகையில் இறங்கிய அதே படிக்கட்டுகளில் மக்கள் ஓடினார்கள்.

துருக்கியின் அனுபவம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. 1999 ஆகஸ்ட் 17 அன்று இஸ்மித் நடுக்கத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்த பின், தொலைபேசிப் பயன்பாட்டின் மேல் தற்காலிகமாக ஒரு வரி போடப்பட்டது. பின்னர் அது நிரந்தரமானது. மக்கள் அதை நிலநடுக்க வரி என்றே அழைக்கிறார்கள். அந்த வருவாய் தனிக் கணக்கில் சேராமல் பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று தென்கிழக்கில் 53,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிய வரி எங்கே போயிற்று என்று மக்கள் கேட்டார்கள். ஒரு நோக்கத்தின் பெயரால் திரட்டும் பணத்துக்குத் தனிக் கணக்கு இல்லையென்றால், அது அந்த நோக்கத்துக்கே போயிற்றா என்பதை யாராலும் காட்ட முடியாது.

இந்தியாவின் நிலநடுக்கப் பதிவு ஒரு பேரழிவோடு தொடங்குகிறது. 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய நடுக்கத்தை ஆராய்ந்தபோதுதான், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஆர். டி. ஓல்டாம் பி, எஸ் அலைகளைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் கண்டார். இன்றைய எல்லா எச்சரிக்கை அமைப்புகளும் நிற்பது அந்தக் கண்டுபிடிப்பின் மேல். அடுத்த ஆண்டு கல்கத்தாவின் அலிப்பூரில் நிலநடுக்கமானி வந்தது. 1899இல் கொடைக்கானல் வானாய்வகத்திலும் ஒன்று நிறுவப்பட்டது. அதன் பிறகும் நிதி அழிவைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. 1993இல் லாத்தூர் நடுங்கியது; உலக வங்கியின் உதவியோடு தீபகற்பத்தின் நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. 2001இல் புஜ் நடுங்கியது. காந்திநகரில் குஜராத் அரசு நிலநடுக்க ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தது.

2004 டிசம்பர் 26 தமிழகம் மறக்காத நாள். இந்திய நேரம் காலை 6:29க்கு சுமத்ரா அருகே கடல்தரை உடைந்தது. அலை நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எஸ் அலைக்கு முந்தும் சில வினாடி அல்ல, இரண்டு மணி நேரம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே நடந்து போயிருக்கலாம். உலகின் நிலநடுக்கமானிகள் எல்லாம் அந்த நடுக்கத்தைப் பதிவு செய்தன. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடத்தில் செய்தி வெளியிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு மையமும் இல்லை, கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 அன்று செயல்படத் தொடங்கியது. அதன் ஆழ்கடல் மிதவைகளைப் பராமரிப்பது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். மிதவை என்பது கடலில் போட்டுவிட்டு மறந்துவிடும் பொருளல்ல. பாசியும் சிப்பியும் ஒட்டும், சங்கிலி அரிக்கும், மின்கலம் தீரும். கப்பல் போய்த் தூக்கி, சுரண்டி, மாற்றித் திரும்ப இறக்க வேண்டும். கப்பலுக்கு எண்ணெய் ஊற்ற ஒவ்வோர் ஆண்டும் பணம் வேண்டும்.

நிலநடுக்கத்துக்கென்று தனி நிறுவனம் இந்தியாவில் பிறந்தது 2014இல். தேசிய நிலநடுக்கவியல் மையம் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வந்தது. அதன் நிலையங்கள் இன்று 150க்கும் மேல். 33 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இதைப் பங்கிட்டால், ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். ஜப்பானின் துளை நிலையங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே 500 சதுர கிலோமீட்டருக்குள் ஒன்று. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டேராடூன் வாடியா நிறுவனம் போன்றவற்றின் நிலையங்களைச் சேர்த்தாலும் இடைவெளி பெரியதே. 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிருத்வி திட்டம் 2021 முதல் 2026 வரைக்கு 4,797 கோடி ரூபாய். வானிலை, கடல், துருவப் பகுதி, நிலநடுக்கவியல், பயிற்சி என ஐந்து பிரிவுகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன.

நீண்ட காலத்துக்குத் தொடர்ந்து நிதி கிடைத்த இடங்களில் கொய்னா ஒன்று. 1967 டிசம்பரில் அணை நீரின் தூண்டுதலால் 6.3 அளவில் நடுக்கம் வந்த மகாராஷ்டிரப் பகுதி இது. இன்றும் சுமார் 20க்கு 30 கிலோமீட்டர் பரப்புக்குள்ளேயே சிறு நடுக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்த ஒழுங்கினால்தான், பாறை உடையும் ஆழத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க அமைச்சகம் அங்கே 3 கிலோமீட்டர் சோதனைத் துளை போட்டது. இதிலிருந்து உடனடிப் பலன் எதையும் அமைச்சர் எவரும் காட்ட முடியாது. அப்படியும் நிதி தொடர்ந்தது பாராட்டத்தக்கது.

முன்னெச்சரிக்கையில் நாட்டின் முதல் முயற்சி உத்தராகண்ட். அமைச்சகத்தின் நிதியில் 2014இல் ரூர்க்கி ஐஐடி சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. பின்னர் மாநில அரசு பொறுப்பேற்றது. கர்வால், குமாவூன் மலைகளில் குறைந்த விலை உணரிகள் நூற்றுக்கும் மேல் வைக்கப்பட்டன. டேராடூன், ஹல்த்வானி நகரங்களில் சைரன்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் செல்பேசிச் செயலியும் வெளியானது. கர்வால் மலையில் பெரும் நடுக்கம் தோன்றினால் எஸ் அலை டெல்லியை அடைய எழுபது எண்பது வினாடி ஆகும். கண்டறியும் நேரத்தைக் கழித்தால், தலைநகருக்கு ஒரு நிமிடம் மிஞ்சும். மெட்ரோவை நிறுத்தவும் மின்தூக்கிகளைத் திறக்கவும் அது தாராளம்.

மலையில் இருப்பவர்களுக்கு அந்த நிமிடம் கிடையாது. 1991 அக்டோபர் 20 அன்று உத்தரகாசி நடுங்கியது அதிகாலை 3 மணிக்குச் சற்று முன். மண்ணும் கல்லும் அடுக்கிய வீடுகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை எட்டாத வட்டத்துக்குள் வாழும் இவர்களுக்கு ஆய்வு நிதியின் பயன் வந்து சேர வேண்டியது வீட்டுச் சுவரின் வழியாகத்தான். இதே உத்தரகாசி மாவட்டத்தின் யமுனைப் பள்ளத்தாக்கில், கோட்டி பனால் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் பழைய மர-கல் வீடுகள் நிற்கின்றன. கனமான மர உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இடையில் கல்லை நிரப்பி, நான்கைந்து மாடி உயரம் எழுப்பிய வீடுகள் அவை. 1905 காங்ரா நடுக்கத்தையும் 1991ஐயும் தாங்கியவை. டேராடூனில் இருந்த மாநிலப் பேரிடர்த் தணிப்பு மையத்தின் ஆய்வாளர்கள் அவற்றை அளந்து, மரத்தின் வயதைக் கணித்து, மூலைப் பிணைப்புகளை வரைந்து பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குத் தேவைப்பட்டது ஆழ்துளையோ செயற்கைக்கோளோ அல்ல. சில பேரின் சம்பளமும் மலையேறும் செலவும்.